நாயும் இல்லை, பால்கனியும் இல்லை: ஆட்டிசத்தை வாசிக்கப் பழகுதல்

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை மருத்துவமனையில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவன், "நாயைப் பால்கனியிலிருந்து போடாதே" என்றான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. உளறுகிறான் என்று குறித்துவைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் அப்படி விட்டுவிடவில்லை. விசாரித்தபோது கதை வெளியே வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குடும்பத்தோடு லண்டனில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, அவன் தன் பொம்மை நாயைப் பால்கனியிலிருந்து கீழே போட்டிருக்கிறான். எடுத்துக் கொடுத்து அலுத்துப்போன அம்மா சற்று எரிச்சலோடு சொன்ன வாக்கியம் அது. அன்று முதல், எதையாவது வீசியெறியக் கை துறுதுறுக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவன் தன்னை அடக்கிக்கொள்வான். 1946இல் கானர் எழுதிய கட்டுரையில் இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

ஆட்டிசம் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் இந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான். அவன் பேச்சில் பொருள் இருந்தது. கேட்டவர்களிடம்தான் அதற்கான சாவி இல்லை. அந்தச் சாவியும் எங்கோ ஆய்வகத்தில் கிடைக்கவில்லை, அவனோடு வாழ்ந்தவர்களின் நினைவில் கிடந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் துணை நிற்பது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இப்படிச் சாவி தேடும் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சி, பள்ளி, மருந்து எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்று பொருள். மனச்சிதைவு உள்ளவர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்க சுவிட்சர்லாந்து மருத்துவர் ப்ளாய்லர் உருவாக்கிய சொல்லை, கானர் 1943இல் தாம் கண்ட 11 குழந்தைகளின் நிலைக்கு எடுத்தாண்டார். சோவியத் மருத்துவர் க்ரூன்யா சுகாரேவா 1925இலேயே இத்தகைய ஆறு சிறுவர்களை வெகு துல்லியமாக விவரித்திருந்தார். ஆனால் உலகம் அவரைத் திரும்பிப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்கிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று அறிவையே குறை சொல்கிறது. மற்றொன்று, வெளியுலகம் இவர்களை எட்டவில்லை என்கிறது. உண்மையில் பலருக்கு வெளியுலகம் தாங்க முடியாத அளவுக்கு எட்டுகிறது என்பதே சிக்கல். ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் வேறுபாடு இது. வாழ்நாள் முழுவதும் உடன் இருக்கும். பிறரோடு பழகுவதும் கருத்தைப் பரிமாறுவதும் வேறு விதமாக அமைந்திருப்பது ஒரு பக்கம். திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், மாறாத ஒழுங்கின் தேவை, ஒன்றில் ஆழ்ந்துபோகும் ஈடுபாடு, புலன்களின் மிகையான அல்லது மந்தமான உணர்வு ஆகியவை மறுபக்கம். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் ஆட்டிசம் என்று கண்டறிகிறார்கள். முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொல்லப்பட்டதும் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்த ஒரே பெயருக்குள் வந்துவிட்டது.

ஆட்டிசத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஸ்பெக்ட்ரம்' (நிறமாலை) என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் ஒரு கோடு வரைந்துகொள்கிறார்கள்: ஒரு முனையில் லேசான ஆட்டிசம், மறுமுனையில் கடுமையான ஆட்டிசம். வாழ்க்கை அந்தக் கோட்டில் அடங்குவதில்லை. சரளமாகப் பேசும் ஒருவரால் தனியாகச் சாலையைக் கடக்க முடியாமல் இருக்கலாம். ஒரு சொல்லும் பேசாத ஒருவருக்கு நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்கலாம். காலையில் எளிதாக முடிந்த காரியம், இரைச்சலும் வெளிச்சமும் நிறைந்த ஒரு நாளின் மாலையில் அதே மனிதருக்கு முடியாமல் போகலாம். 'உங்கள் பிள்ளைக்கு லேசாகத்தானே இருக்கிறது' என்று ஆறுதல் சொல்பவர்கள், அந்தப் பிள்ளை தினமும் படும் பாட்டை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார்கள். 'கடுமையானது' என்ற முத்திரையோ அந்தப் பிள்ளையிடம் எதையும் எதிர்பார்க்காமல் நம்மை நிறுத்திவிடுகிறது. அறிவுத்திறன் குறைபாடு, வலிப்பு, ஏடிஹெச்டி எனப்படும் கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும், பதற்றம், தூக்கமின்மை, குடல் தொல்லைகள் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ உடன் இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காரணம் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை; ஆனால் இரண்டு பழிகளைத் துடைத்தாக வேண்டும். பாசமற்ற தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 60களிலும் படித்தவர்களே நம்பினார்கள். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபின் பங்கைக் காட்டியது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் அதை மேலும் உறுதிப்படுத்தின. அதற்குள் எத்தனை அம்மாக்கள் குற்றவுணர்வில் நொறுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. அடுத்தது, தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பழி. 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டு, அந்தப் பழியைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதிய மருத்துவரின் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று மீண்டும் காட்டியது. எண்ணிக்கை கூடுகிறதே என்பார்கள். வரையறை விரிந்தது, கண்டறியும் கண்கள் பெருகின, முன்பு வேறு பெயரில் ஒதுக்கப்பட்டவர்கள் இப்போது சரியான பெயரில் தெரிகிறார்கள். உயர்வில் பெரும்பகுதிக்கு இவையே விளக்கம். 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கு மதிப்பிடுகிறது.

இனி புலன்களுக்கு வருவோம். குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நம்மில் பெரும்பாலோர் மின்விசிறியின் ஓசையையும் சட்டைக் காலரின் உரசலையும் சில நொடிகளில் மறந்துவிடுகிறோம். மூளை அவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்தத் தள்ளிவிடுதல் நடப்பதில்லை. மின்விசிறி, ட்யூப் லைட்டின் ரீங்காரம், பக்கத்து அறைப் பேச்சு, சட்டையின் லேபிள், யாரோ பூசியிருக்கும் வாசனை எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே வலுவுடன் வந்து மோதுகின்றன. அதோடு யாராவது கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்ல வேண்டும், முகம் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் எல்லாம் நிரம்பி வழிந்துவிடுகிறது. மெல்ட்டவுன் என்று சொல்வது இதைத்தான்.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு அடம் பிடிப்பதும் மெல்ட்டவுனும் ஒன்றுபோலவே தெரியும். அடம் பிடிக்கும் குழந்தை ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டது கிடைத்தால் ஓய்ந்துவிடும். மெல்ட்டவுனில் இருக்கும் குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் ஓயாது, ஏனென்றால் அது எதையும் கேட்கவில்லை. அப்போது அறிவுரையும் மிரட்டலும் அந்தப் பாரத்தோடு சேரும் இன்னொரு சத்தம், அவ்வளவுதான். செய்யக்கூடியது மிகக் குறைவு: விளக்கை அணைக்கலாம், கூட்டத்தை விலக்கலாம், அடிபடாமல் பார்த்துக்கொள்ளலாம், பேச்சைக் குறைத்து அருகில் இருக்கலாம். சிலர் கத்தாமல் கல்லாகிவிடுவார்கள், பேச்சு நின்றுவிடும். அவர்களைச் சமர்த்து என்று தவறாக நினைத்துவிடுகிறோம். எல்லாம் அடங்கிய பிறகு, அன்றே இல்லாவிட்டாலும் மறுநாளாவது உட்கார்ந்து, அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்னென்ன நடந்தது என்று எழுதிப் பார்க்க வேண்டும். நான்கைந்து முறை எழுதினால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளும் இப்படித்தான். பசி, சிறுநீர் உந்துதல், வயிற்றுவலி ஆகியவை சிலருக்கு மிகத் தாமதமாகவோ மங்கலாகவோ உணரப்படுகின்றன. பேசாத குழந்தை திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினால், அதை 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதுவதற்கு முன் பல்லைப் பாருங்கள், காதைப் பாருங்கள், மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். பல்வலியைச் சொல்ல வேறு வழி தெரியாத குழந்தைக்கு மனத்தை அடக்கும் மாத்திரை கொடுப்பது கொடுமை. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் கடும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்கச் சிலருக்கு உதவுவது உண்மை. ஆட்டிசத்துக்கென்று மருந்து இல்லை என்பதும் உண்மை.

கைகளைப் படபடவென்று அடித்துக்கொள்வது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே ஒலியை எழுப்பிக்கொண்டே இருப்பது ஆகியவற்றை ஸ்டிம்மிங் என்கிறார்கள். அது பெரும்பாலும் அவர்கள் தங்களைத் தாங்களே நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. சில நேரம் வெறும் மகிழ்ச்சி. காயப்படுத்தாதவரை அதைத் தடுக்க எந்த நியாயமும் இல்லை. 'நாலு பேர் பார்ப்பார்களே' என்பது நம் கூச்சம். அதற்காகக் குழந்தையின் கையைப் பிடித்து அமுக்கக் கூடாது.

பேச்சுக்கு வருகிறேன். பால்கனிச் சிறுவன் செய்ததற்கு எதிரொலிப் பேச்சு என்று பெயர். கேட்டதை உடனேயோ, நாட்கள் கழித்தோ அப்படியே திருப்பிச் சொல்வது. பொருளற்ற கிளிப்பேச்சு என்று அதை அடக்கிய காலம் இருந்தது. 1980களில் பாரி பிரிசாண்ட் போன்ற பேச்சு மொழி வல்லுநர்கள் கவனித்துப் பார்த்தபோது, அதற்குள் கேட்டல், மறுத்தல், ஒப்புக்கொள்ளல், தன்னைத் தேற்றிக்கொள்ளல் என்று பல வேலைகள் நடப்பது தெரிந்தது. 'தண்ணீர் வேண்டுமா?' என்று குழந்தை நம்மிடம் சொன்னால், அது கேள்வி கேட்கவில்லை. தனக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு எப்போதும் தண்ணீர் வந்திருக்கிறது அல்லவா?

பேச்சே வராதவர்களுக்குப் பட அட்டைகள், சைகை, தொட்டால் பேசும் டேப்லெட் என்று வழிகள் இருக்கின்றன. 'இதைப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும்' என்ற பயத்தில் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. அட்டையும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். இன்னொருவர் கையைப் பிடித்து எழுத வைக்கும் முறையை 1990களில் கட்டுப்பாட்டோடு சோதித்தபோது, எழுதியது கையைப் பிடித்தவர்தான் என்று திரும்பத் திரும்பத் தெரியவந்தது. சொல் அந்தக் குழந்தையுடையதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்று பல காலம் சொல்லி வந்தோம். 2012இல் பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன், தாமும் ஆட்டிசம் உள்ளவர், அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்றால், உங்களுக்கு மட்டும் எங்களைப் புரிகிறதா என்றார். 2020இல் ஆய்வாளர் கேதரின் க்ராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தப்பிப் பிழைத்தது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. பழுது ஒரு பக்கத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. அப்படியானால் பாலம் கட்டும் வேலையை ஐந்து வயதுக் குழந்தையின் தலையில் மட்டும் ஏன் ஏற்றுகிறோம்?

பயிற்சிகளை நான் எடை போடுவதும் இதை வைத்துத்தான். 1960களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஐவார் லோவாஸ் நடத்திய பயிற்சிகளில் குழந்தைகளை அறைந்தார்கள், மின்சார அதிர்ச்சிகூடக் கொடுத்தார்கள். இன்று அந்த வழியில் வந்த நடத்தைப் பயிற்சிகள் வெகுவாக மாறியிருக்கின்றன. ஆனாலும் கண்ணைப் பார்த்துப் பேச வைப்பதையும் கையை ஆட்டாமல் உட்கார வைப்பதையும் சாதனையாகக் காட்டும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் திறன் யாருக்குப் பயன்படும்? 'வேண்டாம்' என்று சொல்லக் கற்பது குழந்தைக்குப் பயன்படும். வலிக்கும் இடத்தைக் காட்டவும், கழிப்பறைக்குப் போகவும், நீந்தவும் கற்பது பயன்படும். நீச்சலைச் சும்மா சொல்லவில்லை. வீட்டை விட்டு வெளியேறி நீர்நிலையை நோக்கிப் போகும் பழக்கம் பல குழந்தைகளிடம் இருக்கிறது. நீரில் மூழ்குவது இவர்களின் உயிரிழப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வு. பிரிட்டனில் 152 சிறு குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர், தாங்கள் குழந்தையோடு விளையாடும் வீடியோவைப் பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்த்து, குழந்தை தரும் சின்னச் சின்னச் சைகைகளை எங்கே தவறவிட்டோம் என்று கண்டுபிடித்தார்கள். 2010இல் வந்த முதல் முடிவுகள் சுமார்தான். ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் தொடர்பாடல் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்ததாக 2016இல் அறிவித்தார்கள். திருத்தப்பட்டது பெற்றோரின் கண்.

இதன் எதிர்ப்பக்கம்தான் 'குணமாக்கும்' வியாபாரம். உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று ஊசி போட்டதில் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ப்ளீச் எனப்படும் வெளுப்பு இரசாயனத்தைக் குடிக்கக் கொடுத்தவர்களும் உண்டு. குணமாகும் என்று உறுதி சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கானர் விவரித்த 11 பேரில் முதல் குழந்தை டொனால்டு ட்ரிப்ளெட். 1933இல் மிசிசிப்பியில் பிறந்தவர். மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, ஓராண்டு அங்கே வாடிக் கிடந்தார். பெற்றோர் திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் வளர்ந்தார். அவர்கள் செய்ததைக் கானர் வியந்து எழுதியிருக்கிறார். எதையாவது அளந்துகொண்டே இருந்த சிறுவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல்ல வைத்தார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்தான். புதைக்க ஓர் இடம் ஒதுக்கி, பெயர்ப்பலகை வைக்கச் சொன்னார்கள். எந்தப் பட்டமும் பெறாத இருவர், அவனுடைய ஆர்வத்தை வெட்டி எறியாமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

டொனால்டு பிற்காலத்தில் கல்லூரிப் பட்டம் பெற்றார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகப் பயணம் செய்தார்; 2023இல் 89 வயதில் இறந்தார். குடும்பத்துக்கு வசதி இருந்தது, வங்கியில் பங்கும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் 1971இல் கானர் அந்த 11 பேரையும் தேடிப் பார்த்தபோது, அரசு மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறன்களையும் இழந்திருந்ததைக் கண்டார். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்கு ஒப்பு என்று எழுதினார்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பெரியவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் இருபது வயதாகும், ஐம்பது வயதாகும். பள்ளி முடிந்த நாளோடு பெரும்பாலான உதவிகளும் முடிந்துவிடுகின்றன. இன்னொரு கூட்டம், யாராலும் கண்டறியப்படாமலே முதிர்ந்தவர்கள். அவர்களில் பெண்கள் மிகுதி. மற்ற பெண்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்போது தலையாட்டுகிறார்கள் என்று மனப்பாடம் செய்து நடித்தே நாட்களைக் கடத்தியவர்கள். தன் பிள்ளைக்குக் கண்டறியும்போது, படிவத்தில் உள்ள கேள்விகளில் தன்னையே அடையாளம் காணும் தாய் தந்தையர் உண்டு. நடிப்புக்கு விலை இருக்கிறது. மாதக்கணக்கில் நீளும் களைப்பு, முன்பு முடிந்தவை கைவிட்டுப் போதல், சத்தமும் வெளிச்சமும் முன்னைவிடத் தாங்காமை ஆகியவற்றை அவர்களே 'பர்ன் அவுட்' என்று பெயரிட்டுச் சொல்கிறார்கள். சோம்பல் என்றோ மனச்சோர்வு மட்டுமே என்றோ எண்ணி 'வெளியே போய் நாலு பேரைப் பார்' என்று தள்ளினால், அது மேலும் ஆழமாகும்.

வேலையிடத்தில் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் செலவில்லாதவை. சொன்னதை எழுத்தில் கொடுங்கள், நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள், சன்னல் ஓரம் அமைதியான இடம் தாருங்கள், திட்டம் மாறினால் முன்பே சொல்லுங்கள். அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கும் விருப்பம் உண்டு. எந்தச் சட்டை, யாரோடு இருப்பது, எப்போது தூங்குவது என்பதில் அவர்கள் சொல் ஏற வேண்டும். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களுக்காக முடிவெடுப்பதைவிட முடிவெடுக்கத் துணை நிற்பதையே கேட்கிறது.

'எனக்குப் பிறகு என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?' என்ற கேள்வி இல்லாத வீடு இல்லை. பணமும் இடமும் சட்ட ஏற்பாடுகளும் தேவைதான். அவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் தேவை. பெற்றோர் தலைக்குள் மட்டுமே இருக்கும் அகராதி அதில் இறங்க வேண்டும். எந்த ஒலி வலிக்கும், எந்தத் துணி ஆகாது, வலித்தால் என்ன செய்வான், எதைச் சொன்னால் என்ன பொருள், தூங்கும் முன் என்ன வேண்டும். முடிந்தால் அந்தப் பிள்ளையையே உடன் உட்கார வைத்து எழுதுங்கள். தவறாக எழுதினால் திருத்தட்டும். பள்ளிக்கு ஒரு பிரதி, மருத்துவருக்கு ஒரு பிரதி, சித்திக்கோ அண்ணனுக்கோ ஒரு பிரதி. கானரின் அறையில் இருந்த சிறுவனுக்கு அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், அதில் ஒரு வரி இப்படி இருந்திருக்கும்: 'நாயைப் பால்கனியிலிருந்து போடாதே' என்று சொன்னால், அவனுக்கு எதையோ எறியத் தோன்றுகிறது, தன்னைத் தானே தடுத்துக்கொண்டிருக்கிறான்.